விடுப்புக்கான காரணம்

மூன்று வருடம் அதற்கு நான் வைத்திருந்த பெயர் மூலம்.
மூலத்துக்கு மருந்து எல்லோரிடமும் இருந்தது:
கற்றாழை, துத்தி இலை, மோர்,
பரந்தன் சந்தியில் ஒருவர் விற்ற கறுப்புக் களிம்பு.
காலையில் வெளிக்குப் போனபின்
இடக்கை விரல்களால் உள்ளே தள்ளிவிட்டு,
கழுவி, சீருடை மாட்டி,
ஆறு மணி வாகனத்தில் முகமாலைக்குப் போவேன்.

அங்கே எங்கள் வேலை குந்தியிருப்பது.
ஒரு மீற்றர் அகலப் பாதை, இரு கரையிலும் சிவப்புத் தடி,
கருவி கத்தினால் நிலத்தைச் சுரண்டு,
சாய்வாக, மெதுவாக,
உள்ளே இருப்பதை வெளியே எடு.
வெளியே வந்ததை உள்ளே அனுப்புவது பற்றிப்
பயிற்சியில் ஒருவரும் சொல்லவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை
அது திரும்பிப் போக மறுத்தது.
கவச அங்கிக்குக் கீழே, காற்சட்டைக்குள்,
மூடிய கையளவில்
என் உடம்பின் உட்புறம் வெளியே இருந்தது.
துப்புரவாக்கிய பாதையால் மட்டும் நடந்து வந்தேன்.
அம்புலன்ஸ் பெடியனிடம் சொன்னது: முதுகு நோ.

கிளிநொச்சி ஆசுப்பத்திரியில்
நேர்ஸ் நிர்மலாம்பிகை திரையை இழுத்துவிட்டுப் பார்த்தாள்.
முகம் சுளிக்கவில்லை.
"கன்ரீனில ஒரு கிலோ சீனி வாங்கி வா" என்று யாரையோ அனுப்பினாள்.
எனக்குப் பசி இல்லை என்றேன்.
சீனி வாய்க்கில்லை.
வீங்கிக் கன்றிய சதையின்மேல்
புட்டுக்குத் தூவுவதுபோல் தூவினாள்.
சீனி நீரை உறிஞ்ச, பாகு வழிந்தது,
ஓர் எறும்பும் வந்தது.
சீனி கிடையாத ஆண்டுகளில்
பனங்கட்டித் துண்டைக் கடித்துத் தேத்தண்ணி குடித்தவள்
ஒரு கிலோவை அங்கே பூசிக்கொண்டு கிடந்தேன்.
வீக்கம் வற்றியதும்
கையுறைக் கையால் மெல்ல அழுத்தி அனுப்பினாள்.

வியாழன் சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார், விதானகே.
தமிழைத் தடவித் தடவிப் பேசுவார்,
ஒரு சொல்லில் மட்டும் தடுமாற்றமில்லை:
"அம்மா, முக்குங்கோ."
அவருடைய பாசையிலும் ஏறக்குறைய அதே சொல்தானாம்.
படுத்தால் ஒளிந்துகொள்ளும், குந்தினால்தான் காட்டும்.
குந்துவது என் தொழில்.
கண்ணை மூடி முக்கினேன்.

"மூலம் இல்லை."
தாளின் பின்புறம் வரைந்தார்:
மூலம் தோடம்பழச் சுளைபோல் பிரிந்து நிற்கும்.
இது வளையம் வளையமாக, கிணற்றுக் கட்டுப்போல.
குடல்தான் முழுச் சுவரோடும் இறங்கி வருகுது.
விரல் வைத்து, இறுக்கச் சொன்னார். இறுக்கினேன்.
கொஞ்சம்தான் பிடிக்குது என்றார்.
எத்தனை பிள்ளை? மூன்று.
ரண்டாவது எங்கே பிறந்தது என்று கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் கமரா விட்டுப் பார்த்தார்கள், கட்டி ஏதும் இல்லை.
வைகாசியில் வெட்டினார்கள்.
தொப்புளுக்குக் கீழே திறந்து,
இறங்கியதை மேலே இழுத்து,
முள்ளந்தண்டின் அடி எலும்போடு
நாலு தையலில் பிடித்துவிட்டார்கள்.
பயிருக்குள் இறங்கின மாட்டைக் கட்டையில் கட்டினதுபோல என்றேன்.
நிர்மலாம்பிகை சிங்களத்தில் சொல்லும்வரை காத்திருந்து
டொக்டர் பிந்திச் சிரித்தார்.
எனக்குச் சிரிக்கத் தையல் நொந்தது.

நாலாம் நாள், வார்ட் முழுக்கக் கேட்க,
"போனதோ?" என்றாள்.
"போனது" என்றேன், அதைவிட உரத்து.
போனது மட்டும்தான். வேறொன்றும் வரவில்லை.

மூன்று வருடம் நான் தனிப்பாயில் படுத்ததற்கு
மனுசன் வேறு காரணம் நினைத்திருந்தார்.
சொன்னேன்.
கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு,
"பப்பாப்பழம் எத்தினை வாங்க?"

ஆவணியில் வேலைக்குத் திரும்பினேன்.
பாரம் தூக்கக் கூடாது, குந்தக் கூடாது,
வரைபடக் கூடாரத்தில் கதிரை வேலை.
விடுப்புப் படிவத்தில் ஒரு கோடு வெறுமையாக இருந்தது.
முதுகு நோ என்று எழுதிப் பழகிய கை.
குதம் இறங்கினது, என்று எழுதினேன்.

அணித் தலைவி யோகமலர் வாசித்தாள்.
மடித்தாள். திரும்ப விரித்தாள்.
கூடாரத்து வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு,
குரலைத் தாழ்த்தி,
"அந்த டொக்டர்
எந்தக் கிழமையில வாறவர்?"